பொங்காத கள்

நான் இரசாயன, உயிரியல் பொறியியல் படிக்கப் போனபோது, உரத் தொழிற்சாலை கட்டத்தான் போகிறேன் என்று ஊரில் நினைத்தார்கள். நான்காம் வருடத்தில் நான் வந்து கேட்டதோ மூன்று போத்தல் பனங்கள்.

கள்ளில் இயற்கையாக இருக்கும் ஈஸ்ட்டைக் கண்ணாடி நொதிப்பு உலையில் வளர்த்துக் காட்டுவதுதான் என் இறுதி ஆய்வு. அந்த உலை எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாரம். அதற்குள் பொங்காவிட்டால் பட்டம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

முரசுமோட்டையில் எங்கள் வளவுப் பனைகளைச் சீவுகிற அண்ணையிடம் சொன்னேன்.

"கள்ளு ஆருக்குப் பிள்ளை?"

"கம்பசுக்கு அண்ணை."

"ஓம்," என்றார் நம்பாமல். மறுநாள் காலை தந்த போத்தல்களை ஐஸ் பெட்டியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோனேன்.

உலையில் ஊற்றிவிட்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குமிழிகூட இல்லை. சூட்டை மாற்றினேன், கலக்கியை வேகமாக்கினேன், பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். கடைசியில் வீட்டுக்குப் போன் எடுத்து அழுதேன். அம்மா சீவுகிற அண்ணையைத் தேடிப்பிடித்துப் போனைக் கொடுத்தார்.

"படிக்கிற பொம்பிளைப் பிள்ளைக்குப் புளிச்ச கள்ளுக் குடுக்கலாமே? முட்டிக்குச் சுண்ணாம்பு நல்லாப் பூசித்தான் கட்டினனான். தனிக் கருப்பணி பிள்ளை, உடம்புக்கு நல்லது."

பாளையில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் ஈஸ்ட் தலைகாட்டாது, சாறு புளிக்காமல் இனிப்பான கருப்பணியாகவே இருக்கும். நான்கு வருடம் படித்த எனக்கு ஒரு வாய் ருசித்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவரிடம் கோபிக்கவும் மனம் வரவில்லை.

"சுண்ணாம்பில்லாமல் நான் கொண்டுவாறன்," என்றார் பிறகு போனுக்கு வந்த அப்பா. கோயில் செயலாளர் அவர். கள் மணத்துக்கே மூக்கைப் பொத்துகிறவர்.

புளிக்கிற கள்ளை இறுக்கி மூடக்கூடாது என்று அவருக்குச் சொல்ல மறந்துவிட்டேன். அப்பா மூடியை முறுக்கி, மேலே பொலித்தீனும் கட்டி, போத்தலை மடியில் வைத்துக்கொண்டு காலை பஸ் ஏறினார். வவுனியா தாண்டியதும் மூடி பறந்தது.

பிற்பகல் பல்கலைக்கழக வாசலில் இருந்து காவலாளி கூப்பிட்டார். குடிவெறியில் ஒருவர் வந்து, என்னை மகள் என்று சொல்கிறாராம். ஓடிப்போனேன். திருவிழா வேட்டி இடுப்பிலிருந்து முழங்கால்வரை நனைந்திருக்க, வெறும் போத்தலோடு அப்பா நின்றார். பக்கத்தில் என் வகுப்புப் பிள்ளைகள். ஒரு கணம் எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அந்த வெட்கத்தை நினைத்து இன்னும் வெட்கமாகிவிட்டது.

"சத்தியமா ஒரு சொட்டும் குடிக்கேல்லைப் பிள்ளை. முன்சீட்டிலை கோயில் தலைவரின்ரை மனுசி இருந்தவா. அவாவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

நான் வேட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் ஈரமாக இருந்தது.

"அப்பா, வேட்டியைக் கழட்டித் தாங்கோ."

விடுதிப் பெடியன் ஒருவனின் சாரத்தைக் கட்டிக்கொண்டு அப்பா ஆய்வுகூட வாசலில் குந்தியிருக்க, உள்ளே நான் வேட்டியின் நனைந்த பக்கத்தைச் சீனிக் கரைசலில் பிழிந்தேன். அடுத்த நாள் காலை உலை நுரைத்துப் பொங்கியது. வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். மாதிரி எங்கே எடுத்தது என்று ஆய்வறிக்கையில் ஒரு வரி எழுதவேண்டும். அப்பாவின் வேட்டி என்றே எழுதினேன். விரிவுரையாளர் இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கிழமையே கோயில் கூட்டத்தில் அப்பாவைப் பதவி விலகச் சொன்னார்களாம். அப்பா எழும்பி, போனில் அந்த வீடியோவைப் போட்டுத் தலைவரின் முகத்துக்கு நேரே பிடித்தாராம்.

"வடிவாப் பாருங்கோ. எல்லாம் இதுக்குள்ளைதான் போனது. எனக்குள்ளை இல்லை."