ஆளே இல்லாத லைன்

நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. இதையே வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். நான் கோலார் தங்கவயலில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். மலை, மண், மழை, மக்கள்தொகை, இதுதான் நான் நடத்துகிற பாடம். சுரங்கத்தின் மூடிப்போன ஷாஃப்டுக் குழிக்குள்ளிருந்து, ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் கூண்டின் மணி அடிக்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வகுப்பில் ஏதாவது ஒரு பையன் கதையை ஆரம்பித்தால், "சுரங்கம் பூராவும் தண்ணி நிறைஞ்சு கிடக்கு, உள்ள மாட்டின காத்து வெளிய வர்றப்ப சத்தம் கேக்கும், அவ்வளவுதான், உட்காரு" என்று சொல்லி அவன் கதையை அங்கேயே முடித்துவிடுவேன். இதையெல்லாம் நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாகக்கூட இருக்கும்.

எனக்கு இந்த ஊர்தான் என்றாலும் சுரங்கக் குடும்பம் இல்லை. அப்பா திருச்சியிலிருந்து இங்கே இருக்கிற கனரக இயந்திரத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர், கணவரும் அங்கேதான் வேலை, நாங்கள் இருப்பது குவார்ட்டர்ஸில். சுரங்கத் தொழிலாளிகள் இருந்த வரிசை வீடுகளை இங்கே லைன் என்பார்கள். என்னிடம் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் லைனிலிருந்து வருகிறவர்கள்தான், ஆனால் நான் ஒரு லைனுக்குள் முழுசாக நடந்தது வீட்டுக் கணக்கெடுப்பு வேலை வந்தபோதுதான். எனக்கு ஒதுக்கிய பகுதி நந்திதுர்க் பக்கம். ஒரு பக்கம் தங்கம் எடுத்த கழிவு மண் சாம்பல் நிறத்தில் குவிந்து கிடக்கிற சயனைடு மேடு, இன்னொரு பக்கம் துருப்பிடித்த இரும்புச் சாரத்தோடு ஒரு பழைய ஷாஃப்ட், நடுவில் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு தாழ்வான ஓட்டு வீடுகள். ஒரு வீட்டில் எட்டுப் பேர், பக்கத்து வீட்டில் பூட்டு. விடியும் முன்னே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ராத்திரிதான் திரும்புவார்கள், அதனால் பகலில் பெண்களும் குழந்தைகளும் பென்ஷன்காரர்களும்தான் கண்ணில் படுவார்கள். ஒரு வீட்டில் தமிழில் கேள்வி, அடுத்த வீட்டில் தெலுங்கு, கடைசியில் கன்னடம் என்று எனக்கு நாக்கு உலர்ந்துபோகும்.

துணைக்கு செல்வி வருவாள். அந்த லைன் அங்கன்வாடியில் டீச்சர் அவள்தான், அங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உரிமையோடு நின்று, "அக்கா, டீச்சர் வந்துக்கீறாங்க, எத்தினி பேரு, இன்னா வயசு, எல்லாம் கரெக்டா சொல்லு" என்பாள். அவள் இல்லையென்றால் பாதி வீட்டில் எனக்குக் கதவே திறந்திருக்காது.

அன்றைக்கு நல்ல வெயில். உச்சி வேளை, நிழல் காலுக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரிக் கதையெல்லாம் இருட்டில்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். லைனின் கடைசி வரிசைக்குள் நாங்கள் நுழையும்போது தண்ணீர் லாரிக்காகத் தெருவோரம் குடங்கள் வரிசையாக இருந்தன. யாரோ டிவியில் சீரியல் போட்டிருந்தார்கள், ஒரு வாசலில் ஒரு அம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"டீச்சர், லாரி வர்ற நேரம். வந்துடிச்சின்னா ஒருத்தரும் நமக்குப் பதில் சொல்ல மாட்டாங்க. சீக்கிரம் ரெண்டு வீட்ட முடிச்சிடலாம்" என்று செல்வி சொன்னாள்.

நான் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். அப்போதுதான் காலுக்கடியில் ஒரு அதிர்வு. பூமி அதிர்ந்தது என்று சொன்னால் பெரிதாகத் தெரியும், அப்படி இல்லை. கீழ் வீட்டில் யாரோ கூரையை முஷ்டியால் ஒரு தட்டுத் தட்டினால் மேல் வீட்டில் இருப்பவருக்கு எப்படித் தெரியுமோ அப்படி ஒரு தட்டு, செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் தெரிந்தது. சுரங்கம் ஓடிய காலத்தில் பாறை வெடித்து ஊரே குலுங்குமாம், கேள்விப்பட்டிருக்கிறேன். "செல்வி, உனக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தேன்.

செல்வி இல்லை.

செல்வி மட்டும் இல்லையென்றால் சரி, ஏதோ ஒரு வீட்டுக்குள் போயிருப்பாள் என்று இருந்திருப்பேன். தெருவில் ஒருவருமே இல்லை. குடங்கள் இருந்தன. கொடியில் துணி இருந்தது. கதவுகள் திறந்திருந்தன. ஒரு வாசலில் முறத்தில் அரிசி பாதி புடைத்தபடி கிடந்தது, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளைக் காணோம். சத்தமும் இல்லை, டிவி இல்லை, விசில் இல்லை, காக்கா கூட இல்லை. காதில் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி.

முதல் வீட்டு வாசலில் போய், "யாராவது இருக்கீங்களா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நம்புங்கள், நம்பாமல் போங்கள், தொண்டை அதிர்கிறது, வாய் அசைகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் அடுப்பு எரிகிறது, பால் பொங்கி வழிகிறது. அடுத்த வீட்டில் தட்டில் பிசைந்த சோறு. அதற்கடுத்த வீட்டில் மின்விசிறி சுற்றுகிறது, கட்டிலில் ஒருவர் படுத்திருந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. ஊரைக் காலி செய்துகொண்டு போயிருந்தால் அடுப்பை அணைத்திருப்பார்களே. இத்தனை பேரும் எங்கே போனார்கள்? பெரிய ரோட்டுக்கு ஓடிவிட வேண்டும், அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

ஓடத் திரும்பியபோது ஒரே ஒரு சத்தம் கேட்டது. 'களக்' என்று, தண்ணீர் அலம்புகிற சத்தம். அந்தச் செத்த அமைதியில் அது காதுக்குள்ளேயே கேட்ட மாதிரி இருந்தது. வரிசையின் கடைசியில் மூலை வீட்டிலிருந்து வந்தது. எனக்கு ரோட்டுப் பக்கம்தான் போக வேண்டும் என்று ஆசை, கால் என்னவோ மூலை வீட்டுப் பக்கம் போனது. நானாகத்தான் நடந்தேன் என்று அப்போது நினைத்தேன்.

மூலை வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு. புடவையில் கட்டிய தூளி மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது, உள்ளே குழந்தை இல்லை. பின்கதவு திறந்திருந்தது. பின்னால் துவைக்கிற கல், அதை ஒட்டித் தரையில் பாதி புதைத்த சிமெண்ட் தொட்டி. அந்தத் தொட்டிக்கு மேலே இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன, ஒரு காலில் வெள்ளிக் கொலுசு.

எப்படிக் குதித்துப் போனேன் என்று தெரியாது. அந்தக் கால்களைப் பிடித்து வெளியே இழுத்தேன். ஒன்றரை வயசு இருக்கும் ஆண் குழந்தை. உதடு நீலமாகிவிட்டது, கண் பாதி திறந்து வெள்ளையாக இருந்தது. முதலுதவிப் பயிற்சியில் என்றைக்கோ சொல்லிக் கொடுத்தது கைக்கு ஞாபகம் இருந்தது போலிருக்கிறது, முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன், தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன். அழுதுகொண்டே தட்டினேன், அந்த அழுகையும் எனக்குக் கேட்கவில்லை. வாயிலிருந்து தண்ணீர் வந்தது. பிறகு ஒரு இருமல். பிறகு குழந்தை வீறிட்டு அழுதது.

அந்த அழுகையோடு எல்லாச் சத்தமும் ஒரே சமயத்தில் என் மேல் வந்து விழுந்தது. லாரி எஞ்சின், குடம் மோதுகிற சத்தம், டிவி, கூச்சல். திரும்பினால் அந்தச் சின்னப் பின்கட்டு பூராவும் ஆட்கள், சுவர் மேல்கூட ஏறி நிற்கிறார்கள், எல்லாரும் என்னையே பார்த்துக் கத்துகிறார்கள். ஒரு பெண் பாய்ந்து வந்து என் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கினாள். அவள்தான் தேவி, குழந்தையின் அம்மா. தூளியில் தூங்குகிற பிள்ளையை விட்டுவிட்டு இரண்டு குடத்தோடு லாரிக்குப் போயிருக்கிறாள், அதற்குள் அது இறங்கிப் பின்கட்டுக்குப் போயிருக்கிறது. ஒரு ஆள் என் தோளைப் பிடித்துக் குலுக்கி, "யாரு நீ? புள்ளைய இன்னா பண்ணே?" என்று கத்தினார். செல்வி குறுக்கே வந்து அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"யோவ், கண்ணு தெரியலியா? புள்ள தண்ணில கிடந்திச்சி. டீச்சர்தான் தூக்கினாங்கோ. முதல்ல ஆட்டோ கூப்புடு!"

அந்த ஆளே ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, சரியான நேரத்தில் தூக்கிவிட்டீர்கள், ஒரு ராத்திரி இருக்கட்டும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். தேவி என் காலில் விழப்போனாள், நான் பிடித்துக்கொண்டேன்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் செல்வியிடம் கேட்டேன். "நீங்க எல்லாம் எங்க போயிட்டீங்க?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நாங்க எங்க போனோம்? அங்கியேதான இருந்தோம்."

"தெருவுல ஒருத்தர் கூட இல்லையே செல்வி. நான் வீடு வீடாப் போய்க் கூப்பிட்டேனே."

"இன்னா டீச்சர் சொல்றீங்க? லாரி வந்துடிச்சி. லைனே அங்கதான் நின்னுகினு இருந்திச்சி. நீங்க ஒவ்வொரு வீடா எட்டிப் பாத்தீங்க. அரிசி பொடச்சிகினு இருந்த அம்மா, இன்னா வேணும்னு உங்களக் கேட்டுகினே இருந்தாங்க, நீங்க அவங்களத் தாண்டி உள்ள பாக்கறீங்க. கட்டில்ல படுத்துகினு இருந்த தாத்தா பயந்து எழுந்துட்டாரு. நான் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு கத்தறேன், என்ன இடிச்சித் தள்ளிட்டுப் போறீங்க. தண்ணிக் கூட்டத்துக்கு நடுவுல பூந்து போனீங்க, ரெண்டு குடம் உருண்டிச்சி. உங்க முழிய பாத்து யாரும் கிட்டயே வரல. மூல வீட்டுக்குள்ள நுழைஞ்சதும்தான் பின்னாடியே ஓடியாந்தோம்."

கீழே ஒரு தட்டுத் தட்டியதே என்று கேட்டேன், அப்படி எதுவும் தெரியவில்லை என்றாள். அப்புறம், "நீங்க நடந்ததே சரியில்ல டீச்சர். வலது கைய முன்னாடி நீட்டிகினு, ஒடம்பு பின்னாடி சாஞ்சிகினு... யாரோ கையப் புடிச்சி இழுத்துகினு போற மாதிரி. நீங்க வரமாட்டேன்னு அடம் புடிக்கற மாதிரி" என்றாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "வெயில்ல சுத்தினா அப்படித்தான். சாப்பிடாமப் போனியா?" என்றார். சாப்பிட்டுத்தான் போனேன். இருந்தாலும் அவர் சொன்னதற்காக ரத்தப் பரிசோதனை, தலை ஸ்கேன் எல்லாம் எடுத்தோம், எதிலும் ஒரு குறையும் இல்லை. பயங்கரக் களைப்பில் சிலருக்குக் கொஞ்ச நேரம் இப்படி ஆகலாம் என்று டாக்டர் சொன்னார். ஆகலாம். எல்லாரும் மறைந்து போகலாம், என் குரல் எனக்கே கேட்காமல் போகலாம். அத்தனை கூச்சலில் லாரிக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவுக்கே கேட்காத ஒரு 'களக்', தெருவின் அந்தக் கோடியில் நின்ற எனக்கு மட்டும் எப்படிக் கேட்டது என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டு மாத்திரை எழுதினார்.

வேலை பாதியில் நின்றதால் திரும்ப அந்த லைனுக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. பயந்துகொண்டேதான் போனேன். ஒன்றும் ஆகவில்லை. தேவி வீட்டில் டீ கொடுத்தார்கள், தொட்டிக்கு மேலே கனமான பலகை போட்டு மூடியிருந்தார்கள், பிள்ளை என் மடியில் ஏறி மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப் போனது உண்மைதான். குழந்தை பிழைத்தது, அது போதும், காரணம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

பல மாதம் கழித்து மார்க்கெட்டில் செல்வியைப் பார்த்தேன். காய் வாங்கிவிட்டு இருவரும் ஜூஸ் கடையில் நின்றோம்.

"இன்னொண்ணு கீது டீச்சர். அன்னிக்கே சொல்லியிருக்கணும், பயந்துடுவீங்களேன்னு சொல்லல."

"சொல்லு."

"உங்க பின்னாடி முதல்ல பின்கட்டுக்கு வந்தது நான்தான். அப்ப நீங்க புள்ளையத் தூக்கி முதுகுல தட்டிகினு இருந்தீங்க. தட்டிகினே பேசினீங்க. உங்க பேச்சில்ல அது, எங்க லைன் பேச்சு. 'வுடுண்ணே, தூக்கிட்டேன், கைய வுடு'ன்னு சொன்னீங்க."

எனக்கு அண்ணன் கிடையாது. யாரையும் அப்படிக் கூப்பிட்ட பழக்கமும் கிடையாது. நான் ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்புறம்?"

"அப்புறம் புள்ள இருமிச்சி. அழறதுக்கு முன்னாடி, நீங்க புள்ளையோட ஒரு பக்கமா ஒதுங்கி, சுவத்தோட ஒட்டி நின்னு, பொடவய இழுத்து மடக்கிகினீங்க. குறுகலான சந்துல எதிர்ல ஒருத்தர் வந்தா வழி வுடுவோமே, அப்படி." அவள் குரல் இறங்கிவிட்டது. "நான் வாசப்படியில நின்னுகினு இருந்தேன் டீச்சர். கண்ணுக்கு ஒருத்தரும் தெரியல, ஆனா நானும் தள்ளி நின்னு வழி வுட்டேன். ஏன் வுட்டேன்னு இன்னிக்கி வரைக்கும் எனக்கே தெரியல."