பெண்கள் பக்கத்துப் பாதி

கொளஞ்சிக்கு வேதம் பாதிதான் தெரியும். அந்தப் பாதியில் ஒரு சொல் பிசகாது.

தவளக்குப்பத்துப் பக்கம் நடவு நட்டுக்கொண்டிருந்தவள், 1971-இல் ஞானஸ்நானம் வாங்கி, மில் தொழிலாளி தேவதாஸைக் கட்டிக்கொண்டு நெல்லித்தோப்புக்கு வந்தாள். இருவருக்கும் எழுத்து தெரியாது. கோயிலுக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். பங்குச் சாமியார் பார்த்தார். பிரசங்கம் என்றால் தூங்குகிறார்கள், பாட்டு என்றால் விழித்துக்கொள்கிறார்கள். வேதத்திலுள்ள சங்கீதப் பாடல்களை ராகம் போட்டுப் புகட்டிவிடலாம் என்று முடிவு கட்டினார். நல்ல யோசனைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓர் அடி ஆண்கள் பக்கம், மறு அடி பெண்கள் பக்கம் என்று பிரித்தார். ஆண்களுக்கு அவர்கள் அடிகளை ஞாயிறு பூசைக்குப் பிறகு அவரே சொல்லிக்கொடுத்தார். பெண்களுக்கு அவர்கள் அடிகளைச் சனிக்கிழமை மாசேர், அதாவது கன்னியாஸ்திரி, வந்து சொல்லிக்கொடுத்தார்.

"ஆளுக்குப் பாதின்னா சுமை கொறையுமில்ல?" என்றார் சாமியார். என்ன மூளை!

ஆண்கள் பாடும்போது பெண்கள் மூச்சு வாங்குவார்கள், மடியில் கிடக்கும் பிள்ளையை அதட்டுவார்கள், அடுத்து நம் அடி என்ன என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். காது கொடுத்து யார் கேட்டார்கள்?

கொளஞ்சிக்குப் பிள்ளை இல்லை. மாலையில் தேவதாஸ் சுவரில் சாய்ந்து ஆரம்பிப்பான், அவள் அடுப்படியிலிருந்து முடிப்பாள். சண்டை போட்ட நாளிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது பாடிவிடுவார்கள். அவர்களுக்குப் பிடித்தது, பள்ளத்தில் கிடப்பவன் கடவுளைக் கூப்பிடுகிற சங்கீதம். கூப்பிடுகிற அடி அவனுடையது. விடியலுக்குக் காத்திருக்கும் காவல்காரன் வருகிற அடி அவளுடையது.

பஞ்சுத் தூசி தேவதாஸின் நெஞ்சைத் தின்று தீர்த்தது. 1982-இல், ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிய நாலாம் நாள் மத்தியானம், கையசைத்து அவளைக் கூப்பிட்டான்.

"பயமா இருக்குதுடி. அந்தப் பாட்டப் பாடு."

"நீ ஆரம்பிய்யா."

"மூச்சு ஓடல. நீயே ஆரம்பி."

வாயைத் திறந்தாள். முதல் அடி வரவில்லை. பதினோரு வருஷம் தினமும் காதில் விழுந்த அடி, ஒரு தடவைகூட அவள் வாயில் ஏறியதில்லை. காவல்காரன் வந்தான், விடியல் வந்தது. கூப்பிடுகிற சொல் மட்டும் வரவே இல்லை.

"மொதச் சொல்ல மட்டும் எடுத்துக் குடுய்யா, மீதிய நான் புடிச்சிக்கிறேன்." அவன் உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது.

பக்கத்து வீட்டு வீராயியிடம் ஓடினாள். வீராயியும் அதே காவல்காரனிலிருந்துதான் ஆரம்பித்தாள். தெருவில் ஓர் ஆண் இல்லை, எல்லாரும் ஷிப்டில். கோயிலுக்கு ஓடி, மணியடிக்கிற கண்ணையனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி இழுத்து வந்தாள். பாவம், அவன் விஷயம் புரிந்து வாசற்படியிலேயே பாட ஆரம்பித்துவிட்டான். தேவதாஸின் கண் கூரையைப் பார்த்தபடி நிலைத்திருந்தது. முதல் அடியை முடித்த கண்ணையன், பழக்கத்தில் பெண்கள் பக்கத்துக்காக நிறுத்தினான்.

"உன் அடிம்மா" என்றான், இன்னும் எதையும் கவனிக்காமல்.

கொளஞ்சி பாடவில்லை. இந்த ஒரு வரிதானா, இவ்வளவுதானா என்று தலையில் அடித்துக்கொண்டாள். பயந்துபோய்க் கேட்ட மனுஷனுக்கு ஒரு வரி கூப்பிட்டுக் கொடுக்க முடியாத தன் வாயை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

அதன் பிறகும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனாள். பெண்கள் பாடும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பாள். ஆண்கள் பாடும்போது அவள் உதடு அசையும். ஒருநாள் மாசேர் அதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"கொளஞ்சி, அது ஆம்பளைங்க அடி."

"தெரியுது மாசேர்" என்றாள். "இப்பத் தெரியுது."