பில்லிங் கவுன்ட்டரில் தொலைந்த அம்மன் பழம்

நேற்று பில்லிங் கவுன்ட்டரில் அம்மனைத் தொலைத்துவிட்டோம்!

சரியாகச் சொன்னால், திருவக்கரை அம்மன் காலடியில் வைத்து எடுத்துத் தந்த எலுமிச்சம்பழத்தை.

இன்று காலை எனக்கு விழுப்புரத்தில் ஸ்கேன். இதற்கு முன் இரண்டு முறை அதே அறையில் படுத்திருக்கிறேன். இரண்டு முறையும் டாக்டர் ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமைதி எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

அதனால்தான் என் மாமியார் நேற்று எங்களைக் கோயிலுக்கு இழுத்துப் போனார். பூசாரி குங்குமம் வைத்த பழத்தைக் கொடுத்தார்.

"ஸ்கேன் முடியற வரைக்கும் இத்த கைய வுட்டு எறக்கக் கூடாது கண்ணு. நானே வச்சிக்கினு இருக்கேன்" என்று அத்தை அதை வாங்கிக்கொண்டார்.

(எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் நேற்று இருந்தது.)

திரும்பும் வழியில், திண்டிவனம் பைபாஸில் புதிதாகத் திறந்த அந்தப் பெரிய கடை. எந்த நாட்டுக் காய், பழம், டப்பா கேட்டாலும் கிடைக்குமாம். என் கணவர் செந்தில் வண்டியை நிறுத்தினார்.

"ரெண்டு நாளா உனுக்கு சோறே எறங்கல. வா, வாய்க்குப் புடிச்சது எதனா எடுத்துக்கலாம்."

வாசலிலேயே பேஜார். பையை ரேக்கில் வைத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டுமாம்.

"அம்மன் பழத்துக்கு டோக்கனா?" அத்தை பழத்தை மட்டும் எடுத்துக் கையில் பொத்திக்கொண்டார்.

உள்ளே போனால் தலை சுற்றுகிறது! பாட்டிலில் மிதக்கும் ஆலிவ் காய். சோப்புக்கட்டி மாதிரி சீஸ். ஒரு வரிசை முழுக்க நூடுல்ஸ், அதில் ஒரு எழுத்துகூட நமக்குப் புரியாது.

டிராகன் ஃப்ரூட் முன்னால் அத்தை நின்றுவிட்டார்.

"இன்னாடா இது, பழத்துக்குச் செதிலு! டேய், இத்தக் கொஞ்சம் புடி."

எலுமிச்சம்பழம் மகன் கைக்குப் போனது. அவர் அதை டிராலியில் குழந்தையை உட்கார வைக்கும் சீட்டில் வைத்தார். (அந்த சீட்டைப் பார்க்கக் கூடாது என்றுதான் நான் அதுவரை ஆலிவ் காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

பில் போட்டு, பையில் எல்லாம் எடுத்து வைக்கும்போதுதான் அத்தை கேட்டார். "பழம் எங்கடா?"

சீட் காலி.

"மேம், அதுல ஸ்டிக்கர் இல்ல. வெயிட் போடாம வந்துட்டீங்க. உள்ள ரிட்டர்ன் அனுப்பிட்டேன்" என்றாள் கவுன்ட்டர் பெண்.



ஓடினோம். எலுமிச்சம்பழம் ஒரு குவியலாகக் கிடந்தது. சரி, குங்குமத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று பார்த்தால், மேலேயிருந்து 'புஸ்ஸ்' என்று தண்ணீர்! காய்கறி வாடாமல் இருக்க அடிக்கடி தெளிக்கும் மெஷின். குங்குமம் கரைந்து பக்கத்துப் பழங்களின் மேலெல்லாம் இலேசாகச் சிவப்பு.

"எல்லாம் ஒண்ணுதாம்மா. எதனா ஒண்ணு எடு, போலாம்" என்றார் செந்தில்.

அத்தை திரும்பிப் பார்த்தார். "உன் பொண்டாட்டி வயித்துல இருக்கறதும் எதனா ஒண்ணாடா?"

நான் அந்த ஏசி குளிரில், கொத்தமல்லிக் கட்டுகளுக்கு நடுவில் நின்று அழுதேன். வேறு என்ன செய்வது?

அத்தை புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார்.

"செவப்பு பட்டதெல்லாம் அள்ளுடா. எதுல இருக்கோம்னு அம்மனுக்குத் தெரியும்."

அள்ளினோம். இந்த முறை மறக்காமல் எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டினோம். (அம்மன் மேல் பார்கோடு!)

இன்று காலை ஸ்கேன் சென்டர். பெஞ்ச் நிறையப் பெண்கள். கலகலவென்று பேசுகிறவர்களும் இருந்தார்கள். பேசாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள், என்னை மாதிரி.

அத்தை அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையைத் திறந்து, பேசாமல் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போனார்.

"திருவக்கரை பழம்மா. இதுல எது நெஜம்னு எனுக்கே தெரியாது. உன்னுதாகூட இருக்கலாம், வச்சிக்கோ."

கழுத்தில் ஜெபமாலை போட்டிருந்த ஓர் அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார்.

எனக்குப் பதற்றம். "அத்தை, நம்மளுது போய்டப் போவுது!"

"உனுக்கும் ஒண்ணு இருக்கு கண்ணு. அவங்களும் பயந்துக்கினுதானே குந்திக்கினு இருக்காங்க?"

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் திரையைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. இன்னும் பேசவில்லை. என் நகம் பழத்தின் தோலைக் கிழித்து, அறையெல்லாம் எலுமிச்சை வாசம்.

அப்புறம் கையை நீட்டி ஏதோ ஒரு பட்டனைத் திருகினார்.

டப் டப் டப் டப் டப்!

காலையில் என் அத்தையிடம் பழம் வாங்கிய அக்கா தங்கைகள் யாராவது இதைப் படிக்கிறீர்களா?

எனக்குக் கேட்டுவிட்டது.

உங்களுக்கும் கேட்டதா?