பிரஸ் ஷாப்பின் ஐந்து பேர்

ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் நான் சேர்ந்த மறுவருஷம் தொழிலாளர் கமிட்டிக்குத் தேர்தல் வைத்தார்கள். சங்கம் கிங்கம் என்று யாரும் வாயைத் திறக்காமலிருக்கக் கொடுத்த மிட்டாய் அது. ஐந்து இடம், ஆளுக்கு ஐந்து ஓட்டு, அதிகம் வாங்கும் ஐந்து பேர் கமிட்டி. எச்.ஆர். அதிகாரி டையை நீவிக்கொண்டே, "இதுதாம்மா ஜனநாயகம்" என்று பாடம் எடுத்தார்.

தொழிலாளர்களில் பாதிக்கு மேல், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் ஆண்கள். ஐந்து ஓட்டையும் தங்கள் ஆட்களுக்கே குத்தினார்கள். ஐந்து இடமும் அவர்களுக்கே போயிற்று. வயரிங் லைனில் அத்தனை பெண்கள் இருந்தும் எங்களுக்கு ஒன்றுகூட இல்லை.

எங்களுடைய குறை பெரிதல்ல. லைன் ஓடும்போது பாத்ரூம் போக விடமாட்டார்கள். என் பக்கத்தில் நின்று வேலை பார்த்த பென்னலூர் அக்கா கமிட்டித் தலைவரிடம் போய்ச் சொன்னார்.

"இன்னாக்கா, இதெல்லாம் மீட்டிங்ல பேசற மேட்டரா?" என்று சிரித்தான் அந்த மகாராஜா. அந்த வருஷம் முழுக்கப் பேசி அவர்கள் வாங்கியது கேரம் போர்டும் கிரிக்கெட் மட்டையும். அக்கா சிறுநீர்த் தொற்றில் காய்ச்சல் வந்து படுத்தார்.

அடுத்த தேர்தலுக்கு முன், செக்‌ஷனுக்கு ஓர் இடம் வேண்டும் என்று கேட்டோம்.

"அப்புறம் தினமும் சண்டைதான். கமிட்டின்னா ஸ்டெபிலிட்டி வேணும்மா" என்றார் எச்.ஆர்.

"அஞ்சு பேரும் ஒண்ணா தலையாட்டிக்கினு கெடக்கறதுதான் ஸ்டெபிலிட்டியா சார்?" என்றார் அக்கா.

தேர்தலன்று வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. பெண்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போடும் காட்சி அதிகாரிக்குத் தேவைப்பட்டது. கேட்டதைக் கொடுக்காமல் ஒருத்தியும் வரிசையில் நிற்க மாட்டோம் என்றோம். கொள்கையில் மலைபோல நின்றவர் அன்று மதியத்துக்குள் கரைந்து, செக்‌ஷனுக்கு ஓர் இடம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

புது முறையில் அக்கா ஜெயித்தார். எச்.ஆர். சொன்னது போலவே சண்டை வந்தது. தலைவர் பதவிக்கு யாருக்கும் பெரும்பான்மை இல்லை; இரண்டு பேர் வந்து கவிழ்ந்தார்கள். மூன்றாவதாக, முன்பு சிரித்த அதே பிரஸ் ஷாப் ஆள் கேன்டீனில் எங்கள் மேசைக்கே வந்தான்.

"அக்கா, உன் ஓட்டு எனக்குப் போடுக்கா."

"எங்க லைனுக்கு ஒரு ரிலீவர் வாங்கிக் குடு. நாங்க பாத்ரூம் போனா அவ நிக்கட்டும். அப்பால பாக்கலாம்."

"மீட்டிங்ல அத எப்படிக்கா பேசறது?"

"வாயாலதான்!" என்று நான் குறுக்கே சொன்னேன்.

பேசினான். அவன் ஆதரவும் சேர்ந்ததும் கமிட்டி கேட்டு வாங்கியது. ஒரே வாரத்தில் மாற்றாள் வந்தாள்.

மறுவருஷம் தேர்தலே கிடையாது. நிலைத்தன்மைக்காக நிர்வாகமே ஐந்து பேரை நியமித்துக்கொண்டது. அவர்களுக்குள் ஒரு சண்டையும் வரவில்லை. சண்டை போட அவர்களிடம் என்ன இருந்தது? முதல் வேலையாக மாற்றாளை லைனிலிருந்து எடுத்துவிடப் பார்த்தார்கள். லைனிலிருந்த அத்தனை பேரும் வயரைக் கீழே வைத்துவிட்டு ஒன்றாக பாத்ரூமுக்கு நடந்தோம். சூப்பர்வைசர் பின்னாலேயே ஓடிவந்து கெஞ்சினார். மாற்றாள் அப்படியே இருந்தாள்.