திருகோணமலை என்று எழுதிய கல்

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பழைய சவக்காலையில் புல் வெட்டுகிறேன். பதினெட்டு வருடமாகிறது.

அங்கே ஒரு கல்லறைக் கல்லில் திருகோணமலை என்று ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. எனக்கு ஆங்கிலம் வாசிப்புக் குறைவு. அந்தச் சொல் தெரியும். என் பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது. புல்வெட்டும் மிசினை நிறுத்தினேன்.

படம் எடுத்துக்கொண்டுபோய் மகளிடம் காட்டினேன். அவள் கல்லை வாசித்து, மிச்சத்தை நூலகத்தில் தேடிச் சொன்னாள். கல்லுக்குரியவர் அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயக் குடும்பத்துப் பிள்ளை. பதினாறு வயதில் கப்பலேறியவர். பிரிட்டிஷ்காரர் இலங்கையை ஆண்ட காலத்து மரைன் படை அதிகாரி.

என்னோடு வேலை செய்பவன் என்னிலும் இளையவன். பெரிய கடலோடி ஒருவர் இங்கே கிடக்கிறார் என்று அவனிடம் சொன்னேன்.

"அண்ணை, மரைன் எண்டா கப்பல் ஓட்டுறவனில்லை. கப்பலிலை போற பட்டாளம். சுக்கானைத் தொடவும் விடமாட்டாங்கள்."

"அப்ப சும்மாவோ போனவர்?"

"சண்டை வந்தாச் சுடவேணும். வராட்டிக் கடலாட்டத்திலை சத்தி எடுக்கவேணும்."

எனக்கு அவர்மேல் மதிப்புக் குறையவில்லை. தரைப்படையில் அந்தக் காலம் பதவியைக் காசுக்கு வாங்கலாமாம். மரைன் படையில் முடியாது. மேலே இருப்பவர் செத்தால், அல்லது விலகினால்தான் இடம். இருபது வருடத்துக்கு மேல் லெப்டினன்டாகவே இருந்திருக்கிறார். திருகோணமலையில் காய்ச்சல் வந்து அவருடைய ஆட்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். அவரும் படுத்தார். எழும்பினார். அடுத்த கப்பலில் ஏறினார். கப்டன் ஆனபோது தலை நரைத்திருக்கும். பிறகு இங்கே வந்து காடு வெட்டினார்.

அவருடைய கல் சாய்ந்திருந்தது. ஆட்கள்மேல் விழும், படுக்கவையுங்கள் என்று சுப்பர்வைசர் சொன்னார். படுத்த கல்லைப் புல் மூடிவிடும். எழுத்தும் போய்விடும். நிமிர்த்துகிறேன் என்றேன். குளிரில் நிலம் இறுகி இளகினால் திரும்பச் சாயும் என்றார் அவர். வசந்தம் வரை விடுவோம், சாய்ந்தால் படுக்கைதான் என்று முடித்தார்.

சாப்பாட்டு நேரத்தில் நானும் அந்த இளையவனும் கல்லின் அடியைக் கிண்டினோம். ஆழமாகச் சரளைக்கல் போட்டு இடித்து இறுக்கினோம்.

"ஆர் அண்ணை உவர், உங்கட சித்தப்பாவோ?"

"ஓம். நேராப் பிடி."

அந்த வருடம் பனி கடுமை. சனி ஞாயிறிலும் இரண்டு தரம் பஸ் எடுத்துப் போய்ப் பார்த்தேன். பனி மூடிக் கிடந்தது. ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் கடைசியில் கல்லோடு ரசமட்டத்தை வைத்தேன். குமிழ் நடுவில் நின்றது. சுப்பர்வைசர் வந்து கையால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. இருக்கட்டும் என்று போனார்.

"சித்தப்பா சோதினையிலை பாஸ்," என்றான் அவன்.

நான் மிசினை ஸ்ராட் செய்தேன். கல்லைச் சுற்றி மட்டும் கையால் வெட்டினேன்.