தந்தியக்காவின் மூன்றாம் தேர்வு

எங்கள் குடும்பப் பதிவேட்டில் என் தங்கையைப் பற்றி இதுவரை நான்கு குறிப்புகள் உள்ளன: அவள் பிறந்தது, மருத்துவமனையில் தாதியாகச் சேர்ந்தது, மணமுடித்தது, மகளைப் பெற்றது. ஐந்தாவது குறிப்பு ஒரு வரிக்குள் அடங்கவில்லை. ஆகவே தனித்தாளில் எழுதி ஏட்டோடு சேர்த்துத் தைக்கிறேன். பெரும்பகுதி அவள் என்னிடம் சொன்னது. சிலவற்றை நானே கண்டேன்.

வார்டில் அவளுக்குத் தந்தியக்கா என்று பெயர். ஒவ்வொரு பணிமுறை மாற்றத்தின்போதும், வேலை முடித்துப் போகும் தாதி நோயாளிகளின் நிலையை ஆங்கிலத்தில் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும். மற்றவர்கள் அரைப்பக்கம் எழுதுவார்கள். என் தங்கை எழுதுவது தந்திபோல் இப்படி இருக்கும்: “பேஷன்ட் ரெஸ்ட்லெஸ். வாட்டர் கிவன். பல்ஸ் நைன்ட்டி டூ.” அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அப்போதைய தலைமைத் தாதி அவளுடைய தாளை வாங்கி, நடுவில் ஒரு சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுச் சொன்னாராம்:

“பார்த்தத எழுது. செஞ்சத எழுது. ரெண்டுக்கும் நடுவுல நீ முடிச்சுப் போடாத. முடிச்சுப் போடறதுக்கு டாக்டர் இருக்காரு.”

அடிபட்ட சொல் ‘பிகாஸ்’, அதாவது ‘ஏனெனில்’. அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தச் சொல் அவள் கையெழுத்தில் வரவில்லை. அதன் உறவுக்காரச் சொற்களும் ஒவ்வொன்றாக அவளுடைய ஆங்கிலத்தை விட்டுப் போய்விட்டன.

வீட்டில் அவள் பேசும் தமிழைக் கேட்டவர்கள் இதை நம்பமாட்டார்கள். பால் பொங்கி வழிந்த கதையைச் சொல்லத் தொடங்கினால், “கதவத் தட்டுனாங்களேன்னு போயி, யாருன்னு பாத்து, அவங்க நின்னு பேசவும் நானும் நின்னு பேசி, திரும்பி வந்து பாத்தா” என்று மூச்சு விடாமல் போவாள். நம் மொழியில் ஒரு செய்தியை அடுத்ததோடு கட்டும் கயிறு வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அது தனி ஆளாக நடுவில் வந்து நிற்கிறது. அந்த ஆளை அவள் வேலையிடத்தில் சந்திக்கவே இல்லை.

சென்ற ஆண்டு மருத்துவமனை புதிய நிர்வாகத்தின் கைக்கு மாறியது. வார்டில் பணிபுரியும் தாதிகள் அனைவரும் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறவேண்டும் என்று கடிதம் வந்தது. மூன்று வாய்ப்புகள். மூன்றிலும் தவறினால் கீழ்த்தளத்துத் துணி அறையில் வேலை. கடிதத்தை என்னிடம் காட்டினாள். “நோயாளிய விட்டுட்டுப் போர்வைய மடிச்சு வைக்கவா அண்ணா நான் படிச்சேன்?” என்றாள்.

முதல் தேர்வில் தவறினாள். இரண்டாவதிலும் தவறினாள். தேர்வாளர் ஒரு பெண்மணி, கடுமையானவர் அல்லர். “சிஸ்டர், உங்க வாக்கியம் ஒவ்வொண்ணும் சரியாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. எல்லாம் சண்டை போட்டுக்கிட்ட மாதிரி தனித்தனியா உக்காந்திருக்கு” என்றார்.

மூன்றாம் தேர்வுக்கு ஐந்து வாரங்கள் இருந்தன. கல்லூரியில் படிக்கும் அவள் மகள், காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டி, இணைக்கும் சொற்களை அவற்றில் எழுதிச் சமையலறை முழுவதும் ஒட்டினாள். அடுப்பின் மேல் ‘பிகாஸ்’. கதவில் ‘பட்’. தட்டு அடுக்கும் பலகையில் ‘ஆல்தோ’. தண்ணீர்க் குழாயில் ‘அண்ட்’.

“அம்மா, ‘அண்ட்’ வெறுமனே வரிசையில நிக்கும். ‘பட்’ வந்தா பேச்சு திரும்பும். ‘ஸோ’ வந்தா, முன்னாடி நடந்ததோட பலன் பின்னாடி வரும். ‘ஆல்தோ’ முதல்லயே வந்து உக்காந்துக்கும். ரெண்டாவது பாதி வர்ற வரைக்கும் கேக்கறவங்க காத்துக்கிட்டு இருக்கணும்.”

“உங்கப்பா சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற மாதிரியா?”

“பேச்ச மாத்தாதம்மா. ‘பிகாஸ்’க்கு அப்புறம் வர்றதுதான் காரணம். இடம் மாத்திப் போட்டா, குடை பிடிச்சதால மழை பேஞ்சுதுன்னு ஆயிடும்.”

அவள் கணவர் லிப்ட் பழுதுபார்ப்பவர். எதையும் வேடிக்கையாகப் பேசுகிறவர். நான் போயிருந்த ஒரு நாள் கூடத்தில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார்: “மச்சான் வந்திருக்காரு. ‘பட்’டைத் திறந்துக்கிட்டு வந்து, ‘ஆல்தோ’வுல இருந்து ரெண்டு தட்டு எடு. ‘பிகாஸ்’ல ஏதோ கருகுது பாரு!”

அவள் சிரிக்கவில்லை. தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உதடு அசைய ஏதோ சொல்லிக்கொண்டே திரும்பிப் போனாள். அந்த வாரங்களில் அவள் உடல் பாதியாகிவிட்டது. பேருந்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததைக் கண்டு, பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனாராம். பார்த்த எதையும் இரண்டிரண்டாகக் கட்டினாள்: நாய் குரைக்கிறது, ஏனெனில் வண்டி வந்தது; விளக்கு எரிகிறது, ஆனால் யாரும் இல்லை. “முடியல அண்ணா. தலைக்குள்ள யாரோ நாள் முழுக்கக் கயிறு திரிக்கிற மாதிரி இருக்கு. ஆனா இது வந்தே ஆகணும். வரலன்னா என்னைக் கீழ அனுப்பிடுவாங்க” என்றாள்.

தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது. அவளுக்குக் காலைப் பணிமுறை. பதினோராம் படுக்கையில் இருந்தவர் சர்க்கரை நோயாளி, ஓய்வு பெற்ற தச்சர். இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தார் என்று முந்தைய பணிமுறைத் தாதி எழுதியிருந்தார். காலையில் அவர் மயங்கினாற்போல் கண்மூடிக் கிடந்தார். என் தங்கை தாளை எடுத்து எழுதினாள்: “பேஷன்ட் ட்ரௌஸி பிகாஸ் ஹி டிட் நாட் ஸ்லீப்.”

எழுதி முடித்ததும் அவளுக்கு மகிழ்ச்சியாக இருந்ததாம். இதை அவளே சொன்னாள். என்னிடம் சொல்லும்போது முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு வாக்கியங்களும் முதன்முறையாகப் பொருந்தி உட்கார்ந்தன. மனத்துக்குள் மகளிடம் அதைக் காட்டியும் விட்டாள்.

மருத்துவர் வந்து தாளைப் பார்த்தார். தூக்கமில்லை, ஆகவே அசதி; சரி, தூங்கட்டும் என்று அடுத்த படுக்கைக்குப் போனார். முக்கால் மணி நேரம் கழித்துப் போர்வையைச் சரிசெய்யப் போனவளின் கையில் தச்சரின் நெற்றி வியர்வை சில்லென்று பட்டது. அவர் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஓடினாள், கத்தினாள், மருத்துவர் வந்தார், ஊசி வழியே குளுக்கோஸ் ஏறியது. சற்று நேரத்தில் தச்சர் கண்ணைத் திறந்து, “என்னம்மா, விடிஞ்சிடுச்சா?” என்று கேட்டார்.

மருத்துவர் அவளைத் திட்டவில்லை. “நீங்களே காரணம் எழுதியிருந்தீங்களே சிஸ்டர். நீங்க எழுதினா அது சரியாத்தான் இருக்கும்னு நெனைச்சேன்” என்று மட்டும் சொன்னார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள்.

“எப்பவும் போல ‘ட்ரௌஸி’ன்னு எழுதிப் புள்ளி வெச்சிருந்தா, அவரும் ஏன்னு பார்த்திருப்பாரு, நானும் உடனே பார்த்திருப்பேன். காரணம் கெடைச்சிடுச்சுன்னதும் ரெண்டு பேருமே பாக்கறத நிறுத்திட்டோம் அண்ணா.”

“அவருக்குத்தான் ஒண்ணும் ஆகலையேம்மா.”

“ஆயிருந்தா?”



தேர்வு நாளன்று நான்தான் அவளை அழைத்துப்போனேன். வழி முழுவதும் அவள் உதடு அசையவில்லை. படித்ததெல்லாம் மறந்துவிட்டதோ என்று பயந்தேன். மறக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. தொடக்கத்தில் கேட்ட கேள்விகளுக்கு ‘அண்ட்’, ‘பட்’ எல்லாம் அதனதன் இடத்தில் வைத்துப் பதில் சொன்னாள். தேர்வாளர் முகம் மலர்ந்து குறித்துக்கொண்டார். பிறகு ஒரு படத்தை எடுத்து முன்னால் வைத்தார். படத்தில் ஒருவர் கட்டிலில் படுத்திருந்தார். தரையில் ஒரு கண்ணாடிக் குவளை உடைந்து கிடந்தது. சன்னல் ஓரத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அவள் ஏன் அழுகிறாள் என்பதைக் காரணத்தோடு இணைத்துச் சொல்ல வேண்டும்.

என் தங்கை சொன்னாள்: “தி உமன் இஸ் க்ரையிங். தி மேன் இஸ் இன் பெட். தி கிளாஸ் இஸ் ஆன் தி ஃப்ளோர்.”

“ஒய் இஸ் ஷி க்ரையிங்?”

“ஐ டிட் நாட் ஸீ, மேடம்.”

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தமிழில் பேசினார்: “சிஸ்டர், இவ்வளவு தூரம் நல்லா வந்துட்டீங்க. இது வெறும் படம். சும்மா வாய்க்கு வந்த ஒரு காரணத்தச் சொல்லுங்க, போதும். அதனால யாருக்கும் ஒண்ணும் ஆயிடாது.”

“ஆகும் மேடம்.”

“சொல்லுங்க சிஸ்டர். இது கடைசி வாய்ப்பு.”

சொல் நாக்கின் நுனியில் இருந்தது என்கிறாள். வாயைத் திறந்தாள். தச்சரின் நெற்றி கையில் பட்டதுபோல் இருந்தது. மூடிக்கொண்டாள். மணி அடிக்கும்வரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

வீட்டில் கேள்விப்பட்டதும் கணவர், “படத்துல அழறவளுக்கு நீ என்ன காவலா? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த!” என்று குரலை உயர்த்தினார். அவள் அடுப்பின் மேல் இருந்த பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அது சுவர்ச் சாயத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு போய், கதவில் இருந்ததைத் தாமே உரித்தார்.

மாற்றல் ஆணை எட்டாம் நாள் வந்தது. தேதியைப் பதிவேட்டில் குறித்திருக்கிறேன். தேர்வு முறையைத் திருத்தக் கோரி நிர்வாகத்துக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை; அவற்றின் நகல்களும் ஏட்டில் உள்ளன.

துணி அறை அவளுடைய பழைய வார்டுக்கு நேர் கீழே இருக்கிறது. சன்னல் இல்லை. போர்வைகளை மடித்து அடுக்கியபடியே, மேலே மருந்து வண்டி உருளும் ஓசையை அவள் கேட்கிறாள். எத்தனை உருட்டலுக்கு எந்தப் படுக்கை என்பது அவளுக்குத் தெரியும். வண்டி நிற்கும்போது மடிப்பதை நிறுத்திவிடுகிறாள் என்று உடன் வேலை செய்யும் சலவைக்காரர் என்னிடம் சொன்னார்.

நேற்று அவளைப் பார்க்கப் போயிருந்தேன். கையில் பாதி மடித்த போர்வையோடு மேலே பார்த்தபடி நின்றிருந்தாள்.

“நாலாம் படுக்கையாண்ட வண்டி நிக்குது. ரொம்ப நேரமா நகரல” என்றாள்.

“ஏனாம்?”

“தெரியல அண்ணா. நான் பாக்கல.”