தெப்பம் இழுத்த மோட்டார்

செஞ்சியில் மலை உண்டு, கோட்டை உண்டு, பஸ் ஸ்டாண்டு உண்டு. கடல் மட்டும் கிடையாது. அப்படிப்பட்ட ஊருக்குப் படகு மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கிய பெருமை என் சித்தப்பாவைச் சேரும். அறுபதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது.

பாண்டிச்சேரியில் படகுகளுக்கு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் இரண்டு புது வரவுகளோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஒன்று, கோணியில் சுற்றிய அந்தப் பழைய மோட்டார். மற்றது, யாரையும் கேட்காமல் அங்கேயே தாலி கட்டிக் கூட்டிவந்த சின்னம்மா. மோட்டாரை வீடே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. சின்னம்மாவை ஏறிட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை.

நைனாவுக்குக் கடைவீதியில் இரும்புக் கடை. ஊரையே அதட்டுவார், தன் அக்காவுக்கு மட்டும் பயப்படுவார். அந்த அக்கா, அதாவது என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். சின்னம்மா பூக்காரர் வீட்டுப் பெண் என்பதே அவளுக்கு ஆகவில்லை. "இவ காலு வெச்ச நேரம் எப்பிடின்னு பாத்துட்டுதான் அடுப்பாண்ட வுடணும்" என்று சொல்லிவிட்டாள். சின்னம்மா கொல்லைப்புற அறையில் உட்கார்ந்து பூ கட்டியே பொழுதைக் கழித்தாள். அத்தனை வேகமான விரல்களை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

அந்த வருஷத் தெப்பம் எங்கள் வீட்டு உபயம். கோட்டை மலையடிவாரக் குளத்தில் காலி டிரம்கள்மேல் பலகை அடித்து, அம்மனை ஏற்றி, கரையிலிருந்து ஆட்கள் வடம் பிடித்து மூன்று சுற்று இழுப்பார்கள். "வடம் வேணாண்ணா, நம்ம மோட்டாரே தள்ளிக்கினு போவும்" என்றார் சித்தப்பா. அத்தை ஒப்புக்கொண்டதுதான் அதிசயம். ஆனால் சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று சுற்றும் நல்லபடியாக முடிந்தால் சின்னம்மா அம்மன் பிரசாதத்தைத் தன் கையால் வாங்கி அடுப்பங்கரைக்குக் கொண்டுவரலாம். நடுவில் தடங்கல் வந்தால் மோட்டாரும் அவளும் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான். நைனா தலையாட்டினார். வேறு வழியில்லாமல் சித்தப்பாவும் ஆட்டினார்.

தெப்பத்துக்கு முதல் நாள் சித்தப்பா கொல்லைத் தொட்டியில் மோட்டாரை நிறுத்திக் கயிற்றைச் சுண்டி இழுத்தார். மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. மோட்டாரின் முதுகிலிருந்த சின்னத் துளையிலிருந்து தண்ணீர் நூல் மாதிரி பீச்சியது.

"கீழ காலாண்ட ஓட்டை இருக்குது பாரு, அதுல தண்ணிய உறிஞ்சி, உள்ள இருக்குற சூட்டையெல்லாம் வாங்கிக்கினு இங்க துப்புது. இது துப்புற வரைக்கும் கவலையில்ல" என்றார் சித்தப்பா.

வயிற்றில் நெருப்பை வைத்துக்கொண்டு தண்ணீர் துப்பும் ஒன்றை நான் அன்றுதான் பார்த்தேன். கோட்டை கட்டிய ராஜாக்கள் எல்லாம் சித்தப்பாவுக்குமுன் எம்மாத்திரம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

எங்கள் ஊரில் புது லாரி வந்தாலும் தராசு வந்தாலும் பொட்டும் பூவும் இல்லாமல் வேலைக்கு இறங்காது. மோட்டாருக்கும் சந்தனம், குங்குமம், தலையில் மாலை. அதைத் தெப்பத்தின் பின்பலகையில் மாட்டிவிட்டு, சித்தப்பா மாலையைக் கழற்றி வைத்துப் பெட்ரோல் ஊற்றினார். மோட்டாரின் கால் இன்னும் தண்ணீருக்கு மேலே தூக்கியபடி இருந்தது. அப்போது படியிறங்கி வந்த சின்னம்மா, ஒரு முழம் கனகாம்பரத்தை அந்தக் காலில் கொலுசு மாதிரி சுற்றி முடிந்தாள். "காலுக்கும் இருக்கட்டும்டி" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கரையேறினாள். வேறு யாரும் கவனிக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் தெப்பம் புறப்பட்டது. அம்மன், குருக்கள், நாகஸ்வரக்காரர், நைனா, சித்தப்பா, நான். இழுப்பவர் யாருமில்லாமல் அம்மன் தானாக நகர்ந்தபோது கரையில் பேச்சே நின்றுபோனது. தண்ணீரில் தலைகீழாக நின்ற மலையை நாங்கள் கிழித்துக்கொண்டு போனோம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நாகஸ்வரக்காரர் வாசிக்க மறந்து மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சுற்றில், நடுக்குளத்தில், அந்தத் தண்ணீர் நூல் மெலிந்தது. பிறகு சொட்டியது. பிறகு அதுவும் இல்லை. பெயிண்ட் கருகும் வாசனை வந்தது. சித்தப்பா சட்டென்று மோட்டாரை நிறுத்தினார். அமைதியில் அத்தையின் குரல் கரையிலிருந்து தெளிவாகக் கேட்டது. "நான் அப்பவே சொல்லல? வந்தவ ராசி."

"இன்னாடா ஆச்சி?" என்றார் நைனா.

"சூடாயிடுச்சிண்ணா. கொஞ்சம் பொறு."

குருக்கள் ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு மோட்டார் தலையில் ஊற்றப் போனார். சித்தப்பா கையைப் பிடித்துத் தடுத்தார். "வேணாம் சாமி, இந்தச் சூட்டுல ஊத்துனா விரிசல் வுட்டுடும். தானா ஆறட்டும்."

ஆறும்வரை சித்தப்பாவின் உதடு முணுமுணுத்தபடி இருந்தது. மந்திரம் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்க் கேட்டால், எங்கே அடைத்திருக்கும், எதை முதலில் பார்ப்பது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். தோரணத்து ஓலையிலிருந்து ஈர்க்கு ஒன்றைக் கிழித்துத் தண்ணீர் துப்பும் துளைக்குள் விட்டார். தடையில்லாமல் போனது. அவர் முகம் வெளுத்தது. "உள்ள தண்ணிய இழுக்குற ரப்பர் சக்கரம் போயிருந்தா பாண்டிச்சேரிக்குத்தான் போவணும்" என்றார். யாரைப் பாண்டிச்சேரிக்கு அனுப்புவது என்று கரையில் அதற்குள் பேச்சு முடிந்திருந்தது. சின்னம்மா தனியாக ஒரு படியில் நின்றாள். அவளைச் சுற்றி நாலு படிக்கு யாருமில்லை.

கடைசியாகச் சித்தப்பா மோட்டாரைச் சாய்த்து அதன் காலைத் தண்ணீருக்கு வெளியே தூக்கினார். குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். உறிஞ்சும் ஓட்டைகள் அத்தனையிலும் கனகாம்பர இதழ்களும் வாழைநாரும் இழுபட்டு அப்பிக் கிடந்தன. அவர் நிமிர்ந்து கரையைப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விரலால் சுரண்டி எடுத்தார். எல்லாவற்றையும் உள்ளங்கையில் மூடி, தெப்பத்துக்கு அடியில் கையை விட்டுத் தண்ணீரோடு விட்டார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் அந்தச் சிவப்பு தெரிந்தது.

"இன்னாடா அது?" என்றார் நைனா.

"பாசிண்ணா. கொளத்துப் பாசி" என்றார் சித்தப்பா, கரைக்கே கேட்கும்படி.

கயிற்றை இழுத்தார். மோட்டார் இருமியது, கிளம்பியது. தண்ணீர் நூல் மறுபடி வந்தபோது கரையே கையெடுத்துக் கும்பிட்டது. அம்மனைக் கும்பிட்டார்களா மோட்டாரைக் கும்பிட்டார்களா என்று என்னால் சொல்ல முடியாது. நான் இரண்டையும் கும்பிட்டேன். மூன்றாவது சுற்றும் முடிந்தது. பாசிக்கு யார் ராசியைக் குறை சொல்ல முடியும்? அத்தையே பிரசாதத் தட்டை வாங்கிச் சின்னம்மா கையில் கொடுத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான்.

மறுநாள் காலையில் சின்னம்மா அடுப்பங்கரையில் பற்றவைத்த முதல் அடுப்பில் காபி வந்தது. குடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன்.

"சித்தப்பா, அது பாசி இல்ல, கனகாம்பரம். நான் பாத்தேன்."

அவர் ஒரு வாய் காபி குடித்தார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"பாசிதாம்மா" என்றார் மெதுவாக. "எனக்குத் தெரியாதா?"

ஒரு மோட்டாரின் வயிற்றுக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்த மனுஷருக்குப் பாசிக்கும் பூவுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று, அவருக்காக அன்று முழுக்க வருத்தப்பட்டேன்.